மெல்போர்னின் சனிக்கிழமைப் பாட்டுகள்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து மெல்போர்னில் பிறந்த ஆட்டம். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளர்ந்துவிடக் கூடாது என்று டாம் வில்ஸ் 1858இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் சிலர் ஓர் ஓட்டலில் கூடி விதிகளை எழுதினார்கள். அன்றிலிருந்து இந்த ஆட்டத்தைச் சுற்றி எழுந்த கவிதை, பாட்டு, கதை எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் படித்தால் ஒன்று பளிச்செனத் தெரிகிறது: அவற்றில் நல்லவை பெரும்பாலும் ஆட்டக்காரரைப் பாடியவை அல்ல. மழையில் நனைந்தபடி வேலியோரம் நிற்பவரைப் பாடியவை.

காரணம் ஊர்ப்பாசம்தான். 1897இல் முதல் பருவம் ஆடிய விக்டோரியக் கால்பந்து லீகில் காலப்போக்கில் சேர்ந்த அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: காலிங்வுட், கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட், ஃபுட்ஸ்க்ரே. எல்லாம் மெல்போர்னின் பேட்டைகள். எந்த அணிக்கு நிற்பது என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. அப்பா எந்தப் பேட்டையோ, பிள்ளைக்கும் அதே நிறத்து மஃப்ளர். ஃபிட்ஸ்ராயில் 1930இல் பிறந்த கவிஞர் புரூஸ் டாவ் தம் ‘லைஃப்-சைக்கிள்’ கவிதையில் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். தொட்டிலில் தொடங்கித் தள்ளாத வயது வரை ஒரு விக்டோரியரின் வாழ்நாளை அணியின் வெற்றி தோல்வியைக் கொண்டே அளக்கும் கவிதை அது. சமயச் சொற்களைக் கால்பந்துக்குச் சூட்டியிருப்பதால் அதை நையாண்டியாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளிய மனிதர்களின் நம்பிக்கையைக் கேலி செய்ய வந்தவருக்கு அத்தனை மென்மை கைகூடாது. டேவிட் வில்லியம்சனின் ‘தி கிளப்’ (1977) நாடகத்தில் இந்த மென்மை கிடையாது. அது நிர்வாகக் குழு அறையில் நடக்கும் பதவிச் சண்டை.

அணிப் பாட்டுகளுக்கு வருவோம். எந்த மெட்டும் இங்கே பிறந்ததில்லை என்று சொல்லும் அளவுக்குக் கடன் மெட்டுகள். போயர் போர்க்காலத்தில் பரவிய ‘குட்பை டாலி கிரே’ மெட்டில் காலிங்வுட் ஆட்டக்காரர் டாம் நெல்சன் 1906இல் எழுதிய வரிகளைத்தான் அந்த அணி இன்றும் பாடுகிறது. ஜீலாங் அணிக்கு பிஸேயின் ‘கார்மென்’ ஓபராவிலிருந்து காளைச் சண்டை வீரனின் பாட்டு. ஃபிட்ஸ்ராய்க்குப் பிரான்சின் தேசிய கீதம். 1952இல் பெர்த்துக்குப் போகும் ரயிலில் பில் ஸ்டீபன் என்ற ஆட்டக்காரர் அதற்கு வரிகள் கட்டினார். இசையறிஞர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஆட்டம் முடிந்து வென்ற அணியின் பாட்டு ஒலிபெருக்கியில் எழும்போது, பல்லாயிரம் பேர் சுருதி சேராமல் கூடப் பாடுகிறார்கள். தோற்றவர்களும் அதைக் கேட்டபடிதான் வாசலுக்கு நடக்க வேண்டும். உள்ளே உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்து வட்டமாக நின்று அதே பாட்டைக் கத்துகிறார்கள். அந்த நேரத்தில் மெட்டு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

பாட்டைவிட ஆயுள் குறைந்த கலை ஒன்றும் இருக்கிறது. அணியின் தீவிர ரசிகர் குழுவினர் வாரநாள் மாலையில் கூடி, தரையில் மண்டியிட்டு, வண்ண க்ரேப் காகிதத்தையும் ஒட்டு நாடாவையும் கொண்டு இராட்சதப் பதாகை செய்கிறார்கள். ஆட்ட நாளில் அது கம்புகளில் ஏறி நிற்கும். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு திடலுக்குள் நுழைவார்கள், கதை முடிந்தது. நகைச்சுவைக் கலைஞர் டானி மெக்கின்லே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பதாகைகளுக்குக் குறும்பான வரிகள் எழுதத் தொடங்கியபின், எதிரணி ரசிகர்களும் அவற்றை எதிர்பார்க்கலானார்கள். வாராவாரம் கிழிபடுவதற்கென்றே எழுதப்படும் இந்த வரிகளை எந்தத் தொகைநூலிலும் சேர்க்க மாட்டார்கள். சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இசைத்தட்டுக்கு வந்த பாட்டுகளில் மைக் பிரேடியின் ‘அப் தேர் காஸலி’ (1979) முதலிடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்துக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் அதன் வேர் பழையது. உயரத் துள்ளிப் பந்து பிடித்த ராய் காஸலியை நோக்கிச் சக ஆட்டக்காரர்கள் எழுப்பிய குரல், இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் வாயிலும் ஒலித்தது. பால் கெல்லியின் ‘லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்’ எனக்கு இன்னும் நெருக்கம். அதில் ஆட்டம் இல்லை. எம்.சி.ஜி. எனப்படும் மெல்போர்ன் கிரிக்கெட் திடல் இருக்கும் நகரம், அதன் குளிர், அங்கே நிற்கும் ஒருவனின் உடம்பில் ஊறும் மகிழ்ச்சி, அவ்வளவே. இசைக் கலைஞர்கள் திடலிலும் இறங்குகிறார்கள். ராக்டாக்ஸ் என்ற பெயரில் அவர்களும், மெகாஹெர்ட்ஸ் என்ற பெயரில் சமூக வானொலிக்காரர்களும் நற்பணி நிதிக்காக மோதும் கம்யூனிட்டி கப், மெல்போர்னின் குளிர்காலத் திருவிழாக்களில் ஒன்று.

இந்த இலக்கியத்தின் ஆழமான பகுதி இழப்பிலிருந்து வந்தது. சவுத் மெல்போர்ன் 1982இல் சிட்னிக்குப் போனது. ஃபுட்ஸ்க்ரேயை ஃபிட்ஸ்ராயுடன் இணைக்க 1989இல் திட்டம் வந்தபோது, மக்கள் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கித் தங்கள் அணியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஃபிட்ஸ்ராய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1996 பருவத்தோடு அது பிரிஸ்பேனில் கரைந்தது. அதன் மெட்டு மட்டும் புதிய அணிக்குப் போய்ச் சேர்ந்தது. பீட்டர் டெம்பிளின் ஜாக் ஐரிஷ் துப்பறியும் நாவல்களில், மதுக்கடையில் உட்கார்ந்து பழைய ஃபிட்ஸ்ராய் ஆட்டங்களை அசைபோடும் கிழவர்கள் வருகிறார்கள். வேறோர் அணிக்கு மாறலாமா என்று அவர்கள் தவிக்கும் இடங்கள், கொலை மர்மத்தைவிட என்னைக் கலங்கடித்தன. மறுபுறம், பிழைத்துக்கொண்ட ஃபுட்ஸ்க்ரேயைப் பத்திரிகையாளர் மார்ட்டின் ஃபிளானகன் ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து ‘சதர்ன் ஸ்கை, வெஸ்டர்ன் ஓவல்’ (1994) எழுதினார். அந்த அணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற பெயரில் 62 ஆண்டு காத்திருப்புக்குப் பின் 2016இல் கோப்பையை வென்றபோது, அவரே இன்னொரு புத்தகமும் எழுத நேர்ந்தது.

ஆனால் வேலியோரத்துக் குரல் எல்லாம் அன்பின் குரல் அல்ல. 1993 ஏப்ரல் 17 அன்று காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கில், தம்மை இனத்தைச் சொல்லி ஏசிய கூட்டத்தின் முன் செயின்ட் கில்டாவின் பூர்வகுடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார் சட்டையைத் தூக்கித் தம் தோலைச் சுட்டிக்காட்டினார். அந்த நொடியைப் பிடித்த ஒரு புகைப்படம் சொன்னதை அதுவரை எந்தக் கவிதையும் சொல்லியிருக்கவில்லை. 2015இல் இன்னொரு பூர்வகுடி ஆட்டக்காரரான ஆடம் குட்ஸைத் திடல்திடலாக ஊளையிட்டு விரட்டியதும் ரசிகர் கூட்டம்தான். அதை நேருக்கு நேர் பார்க்க ‘தி ஃபைனல் குவார்ட்டர்’ ஆவணப்படம் 2019இல் வர வேண்டியிருந்தது. ரசிகரைக் கொண்டாடும் எழுத்து இந்தக் கணக்கைத் தீர்க்காமல் மேலே போக முடியாது.

அண்மையில் வந்தவற்றில் ஹெலன் கார்னரின் ‘தி சீசன்’ (2024) தனித்து நிற்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடும் பேரனைத் திடலோரம் நின்று பார்க்கும் பாட்டியின் குறிப்புகள் அவை. பெண்கள் தொடக்கம் முதலே இந்த ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டிருந்தும் அவர்கள் எழுத்து குறைவாகவே வந்திருக்கிறது.

அடுத்து நான் படிக்க விரும்பும் புத்தகம் வடக்கே டிவி தீவுகளிலிருந்து வர வேண்டும். மார்ச் மாதம் பாதர்ஸ்ட் தீவில் நடக்கும் இறுதிப் போட்டியன்றே ஓவியச் சந்தையும் கூடுகிறது. டார்வினிலிருந்து வருகிறவர்கள் ஓவியமும் வாங்கி ஆட்டமும் பார்க்கிறார்கள். எம்.சி.ஜி. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை 1982இல் மாரிஸ் ரியோலியும், 2015இல் அதே குடும்பத்துச் சிரில் ரியோலியும் வென்றது இந்த மண்ணின் பெருமை. ஆடுகிறவரும் வரைகிறவரும் கூவுகிறவரும் ஒரே குடும்பமாக வாழும் இடத்தில் கால்பந்து எப்படித் தெரியும் என்பதை அவர்களே எழுதினால்தான் உண்டு.