அழகின் சிரிப்பும் சங்கீதக்காரனின் வியப்பும்

கடவுளை நம்பாதவனுக்கு வியப்பு என்பதே இல்லை என்னும் கூற்று நமது பிரசங்க பீடங்களில் நெடுநாளாக வழங்கி வருகின்றது. நாத்திகன் கடலைக் கண்டால் உப்புநீரையும், விண்மீனைக் கண்டால் எரியும் வாயுவையுமே காண்பான் என்பது இதன் சாரம். இக்கூற்று எத்துணை உண்மையானது என்பதைத் தமிழிலக்கியத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். பாவேந்தர் பாரதிதாசன் 1944இல் வெளியிட்ட 'அழகின் சிரிப்பு' இச்சோதனைக்கு மிக ஏற்ற நூலாகும். மாதவரம், மணலி, எண்ணூர்ப் பகுதிச் சபைகளில் வளர்ந்து, தொழிற்கல்வியோ கல்லூரிக் கல்வியோ பெற்றபின், அற்புதங்களை நம்ப இயலவில்லை, ஆயினும் கடற்கரையில் நிற்கையில் ஏதோ ஒன்று உள்ளத்தை ஆட்கொள்கின்றது என்று கூறும் இளைஞர் சிலரையேனும் அப்பகுதி ஆயர் ஒவ்வொருவரும் அறிவர். அவர்களுக்கு மறுமொழி கூற முற்படுவோர் இந்நூலைக் கல்லாமல் முற்படுதல் தகாது என்பது நமது கருத்து.

கவிஞர் பக்தியை அறியாதவர் அல்லர். 1891இல் புதுவையில் பிறந்த சுப்புரத்தினம், 1926இல் மயிலம் முருகன்மீது துதியமுது பாடியவர். பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்தார். 1933இல் ம. சிங்காரவேலர் தலைமையில் சென்னையில் கூடிய நாத்திகர் மாநாட்டில், தாம் என்றும் நாத்திகரே என எழுதிக் கையொப்பமிட்டார். ஆகவே 'அழகின் சிரிப்பு' ஐயத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே ஊசலாடிய ஒருவரின் நூலன்று. தெளிந்து துணிந்த நாத்திகர் ஒருவர், அத்துணிவுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் அளித்த நூல். இதனைக் கருதாது, கவிஞர் தம்மையறியாமலே கடவுளைப் பாடினார் என்று அவரைச் சபைக்குள் இழுத்துக்கொள்வது நேர்மையான திறனாய்வு ஆகாது. இறந்தவர்க்கு அவர் இசைவின்றித் திருமுழுக்கு அளிப்பது போன்றது அது!

நூலில் பதினாறு தலைப்புகள் உள்ளன. கடல், காடு, குன்றம், ஞாயிறு, ஆல், புறாக்கள், இருள், பட்டணம் என்பன அவற்றுட் சில. கடலைப் பாடவந்தவர் எல்லையின்மை, முடிவின்மை போன்ற பெருஞ்சொற்களை நாடித் தொடங்கவில்லை. கரை மணலைக் கீரியின் உடல் நிறத்திற்கும், துள்ளும் அலைகளைக் கல்விக்கூடத்து இளைஞர்க்கும் ஒப்பிடுகின்றார். கீரியை உற்று நோக்கியவனுக்கன்றி இவ்வுவமை தோன்றாது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் பள்ளியாசிரியராக இருந்தவர்க்கே இரண்டாம் உவமை இத்துணை இயல்பாக வாய்க்கும்.

'ஆல்' என்னும் பகுதியில் வரும் குரங்கினைப் பள்ளி நாட்களிலேயே நாம் அறிவோம். தொங்கும் பாம்பை விழுதென எண்ணித் தொட்டுவிட்ட குரங்கு, அதன்பின் விழுதுகளையெல்லாம் பாம்பென அஞ்சி, மர உச்சிக்கு ஓடித் தன் வாலையே ஐயத்துடன் பார்க்கின்றது. வேதாந்திகள் கயிற்றைப் பாம்பென மயங்குதலை உவமையாக்கி, உலகத் தோற்றமே மயக்கம் என்பர். இங்கே அவ்வுவமை தலைகீழாகின்றது. பாம்பு மெய்யான பாம்பே, விழுதும் மெய்யே, மயக்கமெல்லாம் குரங்கின் அச்சத்தில் உள்ளது. கவிஞர் இதனைத் தத்துவமாக விளக்காமல் நகைப்போடு விட்டுவிடுகின்றார். உலகம் மெய் என்னும் உறுதியே அவரது வியப்பின் அடித்தளம். படைப்பு நல்லது எனக் கூறும் ஆதியாகமத்தை வாசிக்கும் நாம் இவ்விடத்தில் வேதாந்தியைவிட இந்நாத்திகர்க்கே அண்மையில் நிற்கின்றோம்.

'இருள்' என்னும் பகுதி நமக்கு இன்னும் பயனுடையது. நமது ஞானப்பாட்டுகளில் இருள் என்றாலே பாவம்தான். பாரதிதாசனோ உழைத்து அலுத்த உயிர்களை அணைத்துக்கொள்ளும் அன்னையாக அதனைக் காண்கின்றார். இரவுப் பணி முடித்து ஆலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி இப்பாடலைக் கேட்டால் உடனே உணர்வான்.

மேலைநாட்டு இறையியலில் வியப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ருடால்ஃப் ஒட்டோவிடம் செல்வது வழக்கம். புனிதத்தைப் பற்றி அவர் 1917இல் எழுதிய நூலில், நடுங்க வைப்பதும் ஈர்ப்பதுமான மறைபொருளே சமய அனுபவத்தின் கரு என்றார். நடுக்கமும் ஈர்ப்பும் அங்கே பிரிக்க இயலாதவை. ஆனால் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இவற்றைப் பிரித்தே வைத்தார் என்பதை நமது மாணவர்கள் கவனித்தல் வேண்டும். மருட்கை, அதாவது வியப்பு, பிறப்பதற்குரிய நிலைக்களங்களாக அவர் கூறுவன புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கு. இவற்றுள் இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஒன்றேனும் இல்லை. அணங்கை அவர் சேர்த்தது மருட்கையோடு அன்று; விலங்கு, கள்வர், அரசன் ஆகியவற்றோடு அச்சத்தின்கீழ்ச் சேர்த்தார். தெய்வத்தைத் துறந்தபின்னும் வியப்பை இழவாத பாரதிதாசன் மேல்நாட்டுப் பகுத்தறிவை இரவல் வாங்கியவர் மட்டுமல்லர். இப்பழந்தமிழ் நெறியின் உரிமையாளரும் ஆவார். கடலின் பெருமையும், குரங்கின் சிறுமையும், பகல் இருளாக மாறும் ஆக்கமும் அவருக்குப் போதுமானவை.

இதனோடு அப்பரின் திருவையாற்றுப் பதிகத்தை ஒப்பிடுதல் தகும். அங்கும் யானை, கோழி, குயில், கிளி முதலியவை துணையோடு வருவதை அடியார் காண்கின்றார். அக்காட்சியினூடே இறைவன் திருவடியைக் காண்கின்றார். பாரதிதாசனின் புறாக்களும் துணையோடு வாழ்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஆனால் அவர் புறாக்களுக்கு அப்பால் செல்வதில்லை. அப்பால் செல்லாமையினாலேயே புறா அவரிடத்தில் புறாவாகவே நிலைத்து நிற்கின்றது. பறவையை விரைந்து கடந்து உட்பொருளுக்குச் செல்லும் பிரசங்கியார் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் இந்நூலில் ஒரு குறை உண்டு. அது கடவுள் இல்லாக் குறையென நாம் கூற முன்வரவில்லை. முறையீடு இல்லாக் குறை அது. பாரதிதாசனுக்குச் சீற்றம் தெரியாதா என்ன? சாதியையும் மூடப்பழக்கத்தையும் சாடிய அவரது சீற்றம் தமிழுலகு அறிந்ததே. ஆனால் அது வேறு பாடல்களில் உள்ளது. வியப்பு ஓர் ஏட்டிலும் சீற்றம் மற்றோர் ஏட்டிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. அழகு சிரிக்கும் இடத்தில் அழுகைக்கு இடமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து பரவிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. மீனவர்கள் படகில் நின்று வாளிகளால் எண்ணெயை அள்ளினர். கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் படிந்தது. கரை மணல் அப்போது கீரியின் நிறத்தில் இல்லை. இத்தகைய கரையில் நிற்பவன் எப்பாடலைப் பாடுவான்? முறையீட்டை வானத்திற்கு அனுப்பாமல் அரசுக்கும் நீதிமன்றத்திற்கும் அனுப்புக என்று பாவேந்தர் கூறியிருப்பார். அது சரியே, மீனவரும் அதனையே செய்தனர். மனு எழுதுவதற்குப் பதிலாகச் சங்கீதம் பாடுக என்று கூறும் குருவானவர் எவரேனும் இருப்பின் அவர் சங்கீதத்தையும் அறியார். ஆயினும் மனுவில் எழுத இயலாத ஒரு பகுதி அத்துயரில் உண்டு. பறவைக்காகவும் நண்டுக்காகவும் மனிதன் கொள்ளும் துக்கம் எந்த அலுவலகத்தின் முகவரிக்கும் உரியதன்று.

யோபுவின் நூல் இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் வைத்திருக்கின்றது. முப்பத்தைந்து அதிகாரங்களுக்கு மேல் வழக்காடலும் வாதமும் நிகழ்ந்தபின், கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகின்றார். அப்போதும் அற்புதம் ஒன்றையும் அவர் செய்து காட்டுவதில்லை. வரையாடு ஈனும் காலம், காட்டுக்கழுதையின் தனிமை, தீக்கோழியின் மறதி, காக்கைக் குஞ்சுகளின் பசி ஆகியவற்றையே யோபுவின் கண்முன் நிறுத்துகின்றார். அவ்வதிகாரங்களை 'அழகின் சிரிப்பு' நூலின் அருகில் வைத்து வாசித்தால், உற்று நோக்குதலில் இரண்டும் உடன்பிறப்புகள் எனத் தெரியும். வேறுபாடு, யோபு கேள்வி கேட்ட வாயை மூடாதிருக்கையிலேயே அக்காட்சி அவனுக்கு வந்தது என்பதில் உள்ளது. 'அழகின் சிரிப்பு' வெளிவந்த அதே 1944இல், டேகல் சிறையிலிருந்து போன்ஹோஃபர் சமயமற்ற கிறிஸ்தவத்தைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். இயற்கைக்கு அப்பாலிருந்து வந்து இடரை நீக்கும் கடவுளை அவரும் நாடவில்லை. வலுவற்றவராய்த் துன்புறும் கடவுளையே நாடினார். மேற்கூறிய இளைஞரோடு உரையாடுவதற்கு, அற்புதங்களை மெய்ப்பிக்கும் சான்றுகளைவிட, யோபுவின் இறுதி அதிகாரங்களும் 'ஆல்' என்னும் பகுதியும் ஒருங்கே வாசிக்கப்படுதல் நல்ல தொடக்கமாகும்.