மாயம் ஒதுங்கி நிற்கும் இடம்

காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில், ஒரு நாடகக் கொட்டகையை வைத்துக்கொண்டு ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ நடத்திய காலம் மிகக் குறுகியது. 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். அடுத்து அவர் எடுத்தது பம்மல் சம்பந்த முதலியாரின் 'வேதாள உலகம்' நாடகத்தை. அந்தப் படம் வெளிவந்த 1948இலேயே ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்துவிட்டது. டி.ஆர். மகாலிங்கம் நாயகன். உச்சக் காட்சிக்கு ஃபிலிம் சுருளில் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். கறுப்பு வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வண்ணமே ஒரு மாயம்தான்.

ஆனால் மாயாஜாலக் கதையைப் படமாக்குகிறவருக்கு வேதாளம் பெரிய சவால் அல்ல, அழுகைதான் சவால். எதுவும் நடக்கலாம் என்று பார்ப்பவரை நம்பவைத்த பிறகு, 'இதை இனி மாற்றவே முடியாது' என்று அவரையே கலங்கவைக்க வேண்டும். மந்திரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற உலகத்தில் ஒருவன் செத்துக் கிடந்தால் நாம் ஏன் அழ வேண்டும்? தழுவல் படங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கதை தெரிந்தவர் அந்தக் காட்சிக்காகக் காத்திருக்கிறார். தெரியாதவருக்கோ அந்த உறவை இரண்டு மணி நேரத்துக்குள் வளர்த்துக் காட்ட வேண்டும்.

தழுவலை எடைபோடுவது செட்டிநாட்டுக்குப் புதிய வழக்கு அல்ல. சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் 1939 முதல் விழா எடுத்துவருகிறது. பங்குனியில் மூன்று நாள் காரைக்குடியில், நிறைவு நாள் கம்பன் அடங்கிய நாட்டரசன்கோட்டையில். அங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி, உற்றுப் பார்த்தால், தழுவலைப் பற்றிய பேச்சுத்தான். கம்பனின் வாலி, மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் இராமன் பெயரைப் படிக்கிறான். வால்மீகியின் வாலி அப்படிப் படிப்பதில்லை. இந்தச் சேர்க்கை காட்சியை உயர்த்துகிறதா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய கூட்டத்துக்குத் திரைப்படத்தையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கும் தகுதி உண்டு.

முதலில் 'மாயாபஜார்'. கே.வி. ரெட்டி இயக்கி 1957இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம். வியாச பாரதத்தில் இல்லாத, மக்கள் வாய்வழியாக வளர்ந்த வத்சலா கல்யாணக் கதை. எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் உயிர், கடோத்கஜன் வருவதற்கு முன்னால் வரும் ஒரு காட்சியில் இருக்கிறது. சூதில் எல்லாம் இழந்த குடும்பத்தின் மருமகளாகச் சுபத்திரை மகனோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். 'உன் மகனுக்கு என் மகள்' என்று பலராமன் கொடுத்த வாக்கை நினைவூட்டுகிறாள். சொத்து போனதும் முறையும் போய்விட்டது. விரும்பியவரின் முகத்தைக் காட்டும் மாயப் பேழை இருக்கிற வீடு அது. அதில்தான் வத்சலா அபிமன்யுவைப் பார்க்கிறாள். கண்ணனே குடியிருக்கும் ஊர். இருந்தும் அந்த நேரத்தில் எந்த மாயமும் குறுக்கே வரவில்லை. அத்தை மகனுக்கு மாமன் மகள் என்ற உரிமை கண்ணெதிரே மறுக்கப்படுகிறது, பிறந்த வீட்டில் ஒரு பெண் அயலாள் ஆகிறாள், அவ்வளவுதான். சீர், முறை, சம்பந்தம் எல்லாம் அறிந்த எந்தத் தமிழ் வீட்டுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பின்னால் கடோத்கஜன் காட்டுகிற ஜாலம் முழுக்க இந்த ஒரு அவமானத்துக்கு வாங்கும் வட்டிதான். அதனால்தான் படம் இன்றும் இனிக்கிறது.

அதே இயக்குநரின் 'பாதாள பைரவி'யில் (1951) அம்மா மகன் பாசம் இருக்கிறது. ஆனால் கேட்டதைக் கொடுக்கும் பைரவி கைக்கு வந்த பிறகு எந்தப் பிரிவும் நம்மை உலுக்குவதில்லை. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆடலும் பாடலும் கேவா கலருமாகக் கொண்டாட்டப் படம். காசிம் குகைக்குள் சாகிறான், பேராசைக்காரன் போனான் என்று மனம் கணக்கை முடித்துவிடுகிறது.

'கர்ணன்' (1964) வேறு வகை. வியாசரில், போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் குந்தி பாண்டவரிடம் உண்மையைச் சொல்கிறாள். வில்லிபுத்தூராரின் பாரதத்தில் அவள் களத்துக்கே ஓடிவந்து மகனை மடியில் ஏந்துகிறாள். தெருக்கூத்தின் கர்ண மோட்சமும் அந்த வழிதான். பி.ஆர். பந்துலு தமிழ் வழியைப் பிடித்துக்கொண்டது சரியான முடிவு. காலத்தை முன்னுக்கு இழுத்ததால், சொல்லப்படாத உறவும் சாவும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

அதைவிட முக்கியமானது, அந்த இடத்துக்குப் படம் நம்மைக் கொண்டுபோகும் விதம். கவச குண்டலம் இந்திரனிடம் போயிற்று. நாகாஸ்திரத்தை மறுமுறை விடுவதில்லை என்ற வாக்கு குந்தியிடம் போயிற்று. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது. கடைசியாக, உயிரைப் பிடித்துவைத்திருந்த புண்ணியத்தையும் கண்ணன் தானமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். மாயம் ஒவ்வொன்றாக உரிக்கப்பட்டு, முடிவில் ஓர் உடலும் ஒரு தாயும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அந்த மரணத்தறுவாயின் பாட்டை எழுதியவர் காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன். பாடியவர் சீர்காழி கோவிந்தராஜன். ஆச்சிமாரின் தாலாட்டும் ஒப்பாரியும் செழித்த மண் அது. உறவு சொல்லி அழைத்து, இறந்தவரின் குணத்தைச் சொல்லி, விதியை நொந்துகொள்ளும் ஒப்பாரியின் போக்கு அந்தப் பாட்டிலும் கேட்கிறது. திரையில் பாடுவது என்.டி. ராமராவின் கண்ணன். வீழ்த்தத் திட்டமிட்டவனே தேற்றவும் வருகிறான். பார்ப்பவருக்கு யார்மீது கோபப்படுவதென்றே தெரிவதில்லை. 2012இல் டிஜிட்டல் வடிவில் மறுபடி திரையிட்டபோதும் அரங்குகள் நிரம்பின.

இதேபோல் காலத்தை நகர்த்தியவர் பீட்டர் ஜாக்சன். டோல்கீனின் மோதிரக் கதையில் இரண்டாம் நூல் தொடக்கத்தில் வரும் போரோமிரின் சாவை, 2001இல் முதல் படத்தின் முடிவுக்குக் கொண்டுவந்தார். மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத் தவறியவன், தவறிய சூடு ஆறும் முன்னே சாகிறான். மூலத்தைவிடப் படத்தில் அது அழுத்தமாக விழுகிறது என்பது என் துணிபு.

நேர்மாறான உதாரணம், ஹாரி பாட்டர் படங்களில் ஹாரியின் நண்பனான எல்ஃப் டாபியின் சாவு. மந்திரக்கோலைத் தொடாமல், மண்வெட்டி பிடித்து அவனுக்கு ஹாரி குழி வெட்டுகிறான். எழுதியவர் மிகச் சரியான இடத்தில் மாயத்தை நிறுத்திவிட்டார். 2010இல் வந்த படமும் அதை விட்டுவிடவில்லை. ஆனாலும் அரைக்கிணறுதான் தாண்டுகிறது. 2002இல் வந்த இரண்டாம் படத்துக்குப் பிறகு இந்தப் படம் வரை டாபியைத் திரையில் காணவே இல்லை. நான்காம் நாவலில், நீருக்குள் மூச்சுவிட உதவும் மூலிகையைக் கொண்டுவந்து கொடுப்பவன் டாபி. படத்தில் கொடுப்பவன் நெவில். ஐந்தாம் நாவலில் ரகசிய அறையைப் பற்றிச் சொல்பவன் டாபி. படத்தில் அதையும் நெவிலே கண்டுபிடிக்கிறான். சிறு சிறு உபகாரங்களால் வளர்ந்த நட்பை வெட்டிவிட்டு, சாவுக்கு மட்டும் ஆளை அழைத்துவந்தால் கண்ணீர் எங்கிருந்து வரும்? நாவலைப் படித்தவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

அந்த நாவல்களை எச்பிஓ நிறுவனம் இப்போது தொடராக எடுத்துவருகிறது. நேரத்துக்குப் பஞ்சமில்லை. நான்காம் கதைக்கு வரும்போது அந்த மூலிகையைத் திரும்ப டாபியின் கையிலேயே கொடுக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.