வசையும் புறங்கூற்றும்

கண்டிப் பகுதிப் பாடசாலைகளில் தமிழாக்கம் பயிலும் மாணாக்கர் சிலர், 'அபியூஸ்', 'இன்சல்ட்', 'சிலாண்டர்', 'லைபெல்' என்னும் ஆங்கிலச் சொற்கள் நான்கிற்கும் 'வசை' என்றே எழுதிவிடுகின்றனர். இது பொருந்தாது. முன்னது வைதல், அடுத்தது இழிவுபடுத்தல், அது சொல்லின்றியும் நிகழும். ஏனைய இரண்டையும் ஆங்கிலச் சட்டம் வடிவு நோக்கிப் பிரிக்கின்றது: வாய்மொழி சிலாண்டர், எழுத்து லைபெல். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ அப்பிரிவினை ஏலாது ஒரே குற்றமாக்கிற்று. அவ்வத்தியாயமும் 2002இல் நீக்கப்பட்டது.

வள்ளுவர் வகுத்த எல்லை வேறு. புறங்கூறாமை என்னும் 19ஆம் அதிகாரம் நோக்குவது, பேசப்படுபவன் எதிரில் உளனோ இலனோ என்பதனையே. கூற்று மெய்யென நிறுவப்படின் சிலாண்டர் இல்லையாகும். புறங்கூற்றோ மெய்யாயினும் குற்றமே. ஆதலின், சிலாண்டரைப் 'புறங்கூற்று' எனப் பெயர்ப்போர் சட்டத்தையும் குறளையும் ஒருங்கே சிதைக்கின்றனர். 'அவதூறு' என்பதே ஏற்புடைத்து.

இனி, 'வசை' என்பது யாது? காளமேகப் புலவரின் வசைப்பாக்களால் நாம் பழகிய பொருள் ஏச்சு. புகழ் என்னும் 24ஆம் அதிகாரத்திலோ அச்சொல் புகழின் மறுதலையாகிய பழியைக் குறிக்கும். அது பிறர் வாயினின்று வந்து விழுவதன்று. ஒருவன் தன் வாழ்வினாற் றானே ஈட்டிக்கொள்வது. இவ்வேறுபாட்டினை உணராத விடைக்குப் புள்ளி வழங்க யான் உடன்படேன்.