எரிந்தால் மட்டும் போதுமா? – டார்ச்சை சைக்கிள் விளக்காக்கும் செய்முறைகள் பற்றி

போன மாதம் ஒரு ராத்திரி ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை ஓரத்து மண்ணில் இறக்கி, காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். கேரியரில் இரண்டு பால் கேன். பக்கத்தில் போனதும், "தம்பி, லைட்ட கொஞ்சம் கீழ போடுப்பா. ரோடே தெரியல" என்றார். "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டு டார்ச்சைக் கையால் பொத்திக்கொண்டேன். அவர் இன்னும் ஒரு முழம் இடது பக்கம் போயிருந்தால் கரைச் சரிவு.

ஹேண்டில்பாரில் இருந்தது நானே செய்த விளக்கு. 200 ரூபாய்க்குள் வாங்கிய ஜூம் டார்ச், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த ஒரு லித்தியம் செல், யூ.எஸ்.பி. சார்ஜிங் போர்டு. ஒரு வாரமாக எல்லாரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, நான் பின்பற்றிய செய்முறையையும் அதே மாதிரி வேறு சில வீடியோக்களையும் மறுபடி பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. சுவிட்சை அழுத்துகிறார்கள், எதிர்ச்சுவர் வெள்ளையாகிறது, "செம்மயா எரியுது பாருங்க". அவ்வளவுதான். எரியுதா என்பது முதல் கேள்வி. இவர்கள் அதையே கடைசிக் கேள்வியாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் விமர்சனம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையே தப்பு என்று நான் சொல்லவில்லை. கடையில் நல்ல சைக்கிள் விளக்கு வாங்கப் போனால் விலை பல மடங்கு. தூக்கிப்போடுகிற பொருளிலிருந்து ராத்திரி பாதுகாப்பாக வீடு வந்து சேர ஒரு சாமான் கிடைக்கிறது என்றால் நல்லதுதானே. அதனால்தான் இதை ஒழுங்காகச் செய்யணும் என்கிறேன்.

வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். டார்ச் கையில் பிடிக்கிற பொருள். எதிரே ஆள் வந்தால் கை தானாகக் கீழே இறங்கும். ஹேண்டில்பாரில் கட்டிய டார்ச் இறங்காது. தவிர, டார்ச்சின் ஒளி வட்டம். நேராக வைத்தால் அதில் பாதி ரோட்டுக்கு மேலே, எதிரே வருபவர் முகத்துக்கும் மரக்கிளைக்கும் போகிறது. மீதிப் பாதியிலும் சிக்கல் உண்டு. ஒளியின் அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 2 மீட்டரில் விழுகிற வெளிச்சத்தில் 25-இல் ஒரு பங்குதான் 10 மீட்டரில். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோடு பளபளக்க, கண் அதற்குப் பழகிவிடும். தூரத்துப் பள்ளம் இன்னும் இருட்டாகத் தெரியும். 'ஆயிரம் லூமன்' என்று பெட்டியில் போட்டிருப்பதால் இது தீராது. வெளிச்சம் எவ்வளவு என்பதை விட எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். சைக்கிளுக்கென்றே வடிவமைத்த நல்ல விளக்கில் தூரத்துக்கு அதிகமும் பக்கத்துக்குக் குறைவுமாக ஒளியைப் பிரித்து, மேல்பக்கம் வெட்டிவிடுவார்கள். ஜெர்மனியில் இதற்கு வாகன அனுமதி விதிகளில் 67-ஆம் பிரிவு என்று தனியாகவே உண்டு. எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை.

நம் ஊரில் பழைய டைனமோ விளக்கு இருந்ததே, அது 6 வோல்ட், 3 வாட் கணக்கு. முன் பல்புக்கு 2.4 வாட், பின்னால் சிவப்புக்கு 0.6 வாட். மங்கல்தான், நின்றால் அணைந்துவிடும். ஆனாலும் யார் கண்ணையும் பறித்ததில்லை. பின்விளக்கும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. நான் பார்த்த புதுச் செய்முறைகள் ஒன்றில்கூட பின்விளக்கு பற்றிப் பேச்சே இல்லை. பின்னால் வருகிற லாரிக்கு நம் ஜூம் டார்ச்சால் என்ன பயன்?

கண் கூசாமல் இருக்க லென்சின் மேல்பாதியில் கறுப்பு டேப் ஒட்டச் சொல்கிறார் ஒருவர். ஒட்டிப் பார்த்தேன். ஜூமை இழுத்து ஒளியைக் குவித்து வைத்திருந்தால் இது வேலைக்கு ஆகாது. அந்த நிலையில் லென்சின் ஒவ்வொரு பகுதியும் எல்.இ.டி.யின் முழு பிம்பத்தையும் தூரத்தில் காட்டுகிறது. சுவரில் தெரிகிற அந்தச் சதுரம் எல்.இ.டி.யின் உருவம்தான். பாதியை மறைத்தால் சதுரம் மங்குமே தவிர பாதியாகாது. ஜூமை உள்ளே தள்ளி அகல வெளிச்சத்தில் வைத்தால் டேப் வேலை செய்கிறது, மேல்பக்கம் நன்றாகவே வெட்டுப்படுகிறது. ஆனால் பாதி வெளிச்சம் டேப்பிலேயே வீண். இந்த வித்தியாசத்தை அந்த வீடியோ சொல்லவில்லை. சுவரில் ஒருதடவை அடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அடுத்தது, பள்ளம். இந்த டார்ச்சுகளில் ஒரே பட்டன்தான். அழுத்தினால் முழு வெளிச்சம், இன்னொரு தட்டு தட்டினால் பாதி, இன்னொரு தட்டுக்கு மினுக்கல். கரன்ட் ஒரு கணம் விட்டு வந்தால் போதும், தட்டினதாக எடுத்துக்கொண்டு அடுத்த நிலைக்குத் தாவிவிடும். உள்ளே செல்லைப் பிடித்திருப்பது ஒரு சுருள் ஸ்பிரிங். ஸ்பீடு பிரேக்கரில் சைக்கிள் குதித்தால் ஸ்பிரிங் ஒரு கணம் விடுகிறது, விளக்கு மினுக்க ஆரம்பிக்கிறது. எந்த இடத்தில் ரோடு நன்றாகத் தெரியணுமோ சரியாக அந்த இடத்தில்! எனக்கு மூன்று தடவை நடந்தது. மேஜைமேல் வைத்துச் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது. செல்லுக்கும் மூடிக்கும் நடுவே இன்னொரு ஸ்பிரிங் போட்டு இறுக்கினேன், டார்ச்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். அப்புறம் நின்றது.

கடைசியாக, பேட்டரி. எனக்கு உண்மையில் பயம் வந்தது இங்கேதான்.

இந்த மலிவு டார்ச்சுகள் பலவற்றில் கரன்ட்டைக் கட்டுப்படுத்த சர்க்யூட் எதுவும் கிடையாது. ரிமோட்டில் போடுகிற சின்ன பென்சில் செல் மூன்றைப் போட்டால் 4.5 வோல்ட். அந்தச் செல்களின் உள்மின்தடையே எல்.இ.டி.யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு லித்தியம் செல்லைப் போடுகிறோம். முழு சார்ஜில் 4.2 வோல்ட், குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அதன் உள்மின்தடை மிகக் குறைவு, கரன்ட் பாய்கிறது, எல்.இ.டி. சூடேறி சீக்கிரம் மங்கிப்போகிறது. 'முன்னைவிட பிரகாசம்' என்று வீடியோவில் கொண்டாடுவது பெரும்பாலும் இதைத்தான்.

சார்ஜிங் போர்டிலும் ஒரு விஷயம் உண்டு. டி.பி. 4056 சிப் வைத்த போர்டு இரண்டு வகையாக வருகிறது. ஒன்றில் பேட்டரிக்கு மட்டும் இரண்டு முனை. இன்னொன்றில் பேட்டரிக்கு இரண்டு, வெளியே போகிற லைனுக்கு இரண்டு. செல் அளவுக்கு மீறி வடிந்தால் துண்டிக்கிற பாதுகாப்பு இந்த இரண்டாவது வகையில்தான். அதை வாங்கியும், டார்ச் ஒயரைப் பேட்டரி முனையிலேயே சால்டர் செய்துவிட்டால் பாதுகாப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் அப்படித்தான் செய்திருந்தேன்! லித்தியம் செல்மேலேயே நேரடியாகச் சால்டர் வைப்பதும் பல வீடியோக்களில் சாதாரணமாக நடக்கிறது. சூடு உள்ளே இறங்கினால் செல் கெடும், சில சமயம் தீயும் பிடிக்கும். ஹோல்டர் வாங்கிப் போடுவதுதான் சரி. 9900 மில்லி ஆம்பியர் மணி என்று ஒட்டியிருக்கிற 18650 செல்லை நம்பவே வேண்டாம். அந்த அளவில் நல்ல செல்லே 3500 பக்கம்தான் தரும்.

இதைவிட ஆபத்தானது, சுவர் பிளக்கில் நேராகச் செருகுகிற இரண்டு முள் 'ரீசார்ஜபிள்' டார்ச். பலவற்றில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேராக வருகிறது. மூடியைத் திறந்து வைத்து, ஒயரை வெளியே இழுத்து, பிளக்கில் மாட்டினால் அந்த ஒயர் பேட்டரி ஒயர் இல்லை, மெயின் லைன். இதைப் பிரித்து சைக்கிளுக்கு மாற்றச் சொல்கிற எந்தச் செய்முறையும், இந்த எச்சரிக்கை இல்லாவிட்டால், தயவுசெய்து பின்பற்றாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நான் இப்போது எங்கே வந்து நிற்கிறேன்? லித்தியத்தை எடுத்துவிட்டேன். அதே சின்ன பென்சில் செல் அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் மூன்று, மொத்தம் 3.6 வோல்ட். அதற்கும் உள்மின்தடை குறைவுதான் என்பதால் ஒரு சின்ன ரெசிஸ்டர் சேர்த்திருக்கிறேன். வெளியே எடுத்து, அதற்கான சார்ஜரிலேயே சார்ஜ் செய்கிறேன். வெளிச்சம் குறைவு, ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஜூம் அகலத்தில், மேல்பாதி டேப். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரம். 5 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு 75 சென்டிமீட்டரில் நிற்கிற மாதிரி சாய்த்தேன். அப்படியானால் அந்த விளிம்பு 20 மீட்டரில் தரையைத் தொடும். 15 கிலோமீட்டர் வேகத்துக்கு கிட்டத்தட்ட 5 விநாடி முன்னறிவிப்பு, எனக்குப் போதும். பின்னால் தனியாக ஒரு சிவப்பு விளக்கு.

முடிக்கிறதுக்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பையனிடம் சைக்கிளைக் கொடுத்து எதிரே ஓட்டி வரச் சொல்லி, நான் ரோட்டில் நின்று பார்த்தேன். கண் கூசவில்லை. ஸ்பீடு பிரேக்கரிலும் மினுக்கவில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனையை ஒரு வீடியோவிலும் காணோம்.

மழைக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சுவிட்ச் பக்கம் தண்ணீர் இறங்குகிறது. ஐப்பசிக்குள் ஏதாவது செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.