முணுமுணுக்க வரும் சிக்கல்

காலையில் பல் தேய்க்கும்போது கூப்பிடாமலே ஒரு மெட்டு வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படி அடிக்கடி வருவது டெத் குழுவின் 'கிரிஸ்டல் மவுன்டன்' பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி. டெத் மெட்டலில் முணுமுணுக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதிலும் டெக்னிக்கல் டெத் மெட்டல் என்கிற கிளையை, யாரும் முணுமுணுத்துவிடக் கூடாது என்று சபதம் போட்டுச் செய்தார்களோ என்று தோன்றும். பிடிபடுவதற்குள் மாறிவிடும் தாளம், இரண்டு கால்களும் இடைவிடாமல் உருட்டும் டபுள் பேஸ், தந்திகள் மேல் அலையாய் ஏறி இறங்கும் ஸ்வீப் பிக்கிங், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தையும் புரியாத உறுமல்.

வித்தையா, பாட்டா என்று இந்த இசையின் ரசிகர்கள் ஓயாமல் அடித்துக்கொள்வார்கள். வேகம் குறைந்தால் முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம், விரல் ஓட்டத்தைக் கண்டாலே 'சர்க்கஸ்' என்று எழுந்துபோகிறவர்கள் மறுபக்கம். வித்தை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், பாட்டுக்குள் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபுளோரிடாக்காரரான சக் ஷுல்டினர் 1987இல் டெத் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது அது ரத்தமும் பிணமுமாக, முரட்டு வேகத்தில் இருந்தது. 1991இல் வந்த 'ஹியூமன்' ஆல்பத்துக்கு அவர் சினிக் குழுவிலிருந்து பால் மாஸ்விடாலையும் ஷான் ரைனர்ட்டையும் அழைத்துக்கொண்டார். பேஸ் கிடாருக்கு ஸ்டீவ் டி ஜியார்ஜியோ. ரைனர்ட்டுக்கு அப்போது வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். முதல் பாடலான 'ஃபிளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்' அவருடைய ட்ரம்ஸோடு தொடங்குகிறது. எங்கோ தொலைவில் உருள்கிற ஓசை கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். கிடார் நுழைவதற்குள் நம் முதுகு தானாக நிமிர்ந்திருக்கும். அசாத்தியமான வாசிப்புதான், ஆனால் ட்ரம்ஸ்காரர் தன்னைக் காட்டிக்கொள்வதற்காக வைத்த இடமல்ல அது. அந்த உருட்டலை எடுத்துவிட்டால் பாட்டுக்கு வாசலே இல்லை.

1995இன் 'சிம்பாலிக்' ஆல்பத்தில்தான் 'கிரிஸ்டல் மவுன்டன்' இருக்கிறது. ட்ரம்ஸ் ஜீன் ஹோக்லன். இந்த வகை இசையின் கணக்குப்படி அது நிதானமான பாட்டு. ரிஃப்புகளும் அதிகம் இல்லை. ஆனால் வந்தது திரும்பி வருகிறது. சரணம் முடிந்து பல்லவியின் எடுப்புக்கு வரும்போது கேட்பவருக்குள் ஏற்படுகிற அந்தச் சின்ன நிம்மதியை ஷுல்டினர் அறிந்திருந்தார். ஒரு பாட்டுக்குள் இருபது ரிஃப் அடுக்குவதைவிட, ஒன்றைத் திரும்பக் கொண்டுவரத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்கவும் காது விரும்ப வேண்டுமே. பாட்டின் கடைசியில் மின் இரைச்சலுக்கு மேல் ஓர் அக்கூஸ்டிக் கிடார் வந்து, பேசி முடித்துவிட்டுப் போகும். 2001 டிசம்பரில், 34 வயதில், மூளைக் கட்டியால் இறந்துபோனார் ஷுல்டினர்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் வேகத்தைத்தான் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள். பிரெயின் டிரில் குழுவின் 2008 ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டு முடித்ததுண்டு. விரல்களுக்கு ஒரு கும்பிடு. எந்தப் பாட்டு எங்கே முடிந்து எது தொடங்கியது என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் கிடையாது.

நெக்ரோஃபேஜிஸ்ட் குழுவை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். துருக்கிய வம்சாவளி ஜெர்மானியரான முகமத் சூயிச்மெஸ் 1999இல் அதன் முதல் ஆல்பத்தை ஏறக்குறையத் தனியாளாகவே செய்தார், ட்ரம்ஸுக்குக்கூட இயந்திரம்தான். 2004இன் 'எபிடாஃப்' எட்டே பாடல்கள். பொற்கொல்லர் தராசில் நிறுத்தது போல ஒரு சுரம் கூடுதல் குறைவு கிடையாது. இந்தச் சுத்தம் சில நாட்களில் எனக்குச் சலிக்கும், ஆஸ்பத்திரித் தரை மாதிரி. ஆனாலும் அவருடைய சோலோக்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கீழே ஓடும் ரிஃப்போடு பேசிக்கொண்டே போகிறது. 'ஒன்லி ஆஷ் ரிமெயின்ஸ்' பாட்டில் திடீரென்று புரோகோஃபியெவின் 'ரோமியோ ஜூலியட்' பாலேயிலிருந்து ஒரு மெட்டு எட்டிப் பார்க்கும். முதல்முறை கேட்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூன்றாவது ஆல்பத்துக்கு ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஃபுளோரிடாக் குழு ஏத்தியிஸ்ட். அதன் பேஸ் கிடார்க்காரர் ராஜர் பேட்டர்சன் 1991 தொடக்கத்தில் வேன் விபத்தில் இறந்தார். 'அன்க்வெஸ்சனபிள் பிரசென்ஸ்' ஆல்பத்தின் பாடல்கள் உருவானதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. பதிவில் அவர் இடத்தில் டோனி சோய் உட்கார்ந்து வாசித்தார். பேட்டர்சனே வாசித்த ஒத்திகைப் பதிவுகளும் பின்னாளில் வெளிவந்தன. இந்த வகையில் பேஸ் பெரும்பாலும் கிடாரின் நிழலாகக் கீழே கிடக்கும். ஏத்தியிஸ்டிலோ அது கிடாரோடு மல்லுக்கு நிற்கிறது, நடுநடுவே நடனமும் ஆடுகிறது. சிக்கல்தான், ஆனால் கேட்கிறவரின் கால் தாளம் போடும்.

இதுவரை என் அளவுகோல் சரியாகத்தான் இருந்தது. கார்கட்ஸிடம் வரும்போது முறிந்துவிடுகிறது.

கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தது கார்கட்ஸ். லூக் லெமேயின் தலைமையில் 1998இல் வந்த 'ஒப்ஸ்க்யூரா'வில் முணுமுணுக்க ஒரு வரிகூடக் கிடையாது. கிடார் தந்திகளைச் சுரண்டுகிறார்கள், நெரிக்கிறார்கள், அழ விடுகிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்களை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். லெமே அதே ஆல்பத்தில் வயோலாவும் வாசித்திருக்கிறார். வேகமான விரலுக்குப் பழகிய காதுக்கு முதலில் இது தப்பாக வாசிப்பது போலவே கேட்கும். பத்தாவது முறை கேட்கும்போதுதான், ஒவ்வொரு தப்பும் அதே இடத்தில், அதே அளவில், திரும்பவும் வருகிறது என்று பிடிபடுகிறது. அப்புறம் அது தப்பாகத் தெரிவதில்லை.

அதிலேயே 'கிளவுடட்' என்று ஒரு பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல். ஓட்டமே கிடையாது. சேற்றில் கால் புதைந்து புதைந்து எடுத்து வைக்கிற நடை. இத்தனை கெட்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேரம்.

பல் தேய்க்கும்போது அது என் வாயில் வந்ததில்லை. ராத்திரி எதிர்வீட்டு இரும்பு கேட்டை யாராவது மெல்ல இழுத்து மூடும்போது மட்டும், அந்தக் கிரீச்சொலியின் அடுத்த சுரம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.