கேள்வியும் ஒலிக்கருவியும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இருபொருள் தருவது. செவிவழிப் பெறும் அறிவும் கேள்வி. ஐயம் தீர எழுப்பும் வினாவும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் முதற்பொருளை விரிக்கிறது. ரோமர் 10:17-க்குப் பழைய திருப்புதல் கையாளுவதும் இச்சொல்லே. ஒலிப்பதிவாலும், எழுத்தை ஒலியாக்கும் கணினிக் குரலாலும் வேதத்தைக் கேட்கும் வழக்கம் பரவிவரும் இந்நாளில், அவ்விரு பொருளும் நிறைவேறுகின்றனவா என ஆராய்வது நம் கடன்.

இம்முயற்சி புதியதன்று. 1939இல் ஜாய் ரிடர்ஹாஃப் அம்மையார் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘காஸ்பல் ரெக்கார்டிங்ஸ்’ ஊழியம் நற்செய்தியை இசைத்தட்டுகளில் பதித்தது. மின்சாரமின்றிக் கையால் சுழற்றும் அட்டைக் கருவியையும் பின்னர் வழங்கியது. இன்று கைப்பேசி அப்பணியைச் செய்கிறது. திருத்தங்கலிலிருந்து பட்டாசு ஆலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு அமர்ந்து வாசிக்க ஓய்வில்லை; பேருந்தில் ஓர் அதிகாரம் கேட்க இயலும். வெடிமருந்தருகே கைப்பேசிக்கு இடமில்லையாதலால், கேட்டதை அவர் உள்ளத்திலேயே சுமந்து செல்கிறார். இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பார்வையிழந்த மாணவருக்கோ கணினிக் குரல் நூலகத்தையே திறந்துவிடுகிறது.

குறைகளும் உள. தமிழில் ‘ப’கரம் ஈரொலிக்கும் பொது எழுத்து. ‘பவுல்’, ‘பெத்லகேம்’ ஆகியவற்றின் முதலொலி வேறு வேறு. ‘பாவம்’ என்பது குற்றமா, மெய்ப்பாடா என்பதைப் பொருளுணர்ந்தவரே ஒலியால் பிரித்துக் காட்டுவர், கணினி இடறக்கூடும். ஆகவே சபையில் ஒலிக்கத்தக்கது, உணர்ந்து வாசித்த மனிதக் குரலின் பதிவே.

பெருங்குறை வேறொன்று. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாய்விட்டு வாசித்தார். ஒலி இருந்தது, பொருள் விளங்கவில்லை. பிலிப்பு இரதத்தில் ஏறி அருகமர்ந்த பின்னரே அது விளங்கிற்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையும் இதற்கு இயைந்த ஒரு காட்சியைத் தங்கால் என்னும் திருத்தங்கலிலேயே வைக்கிறது. வழிப்போக்கனான பராசரன் ஊர்ச்சிறுவரைத் தன்னோடு ஓத அழைக்கிறான். வார்த்திகன் மகன் மழலை நாவாயினும் பிழையின்றி உடன் ஓதிப் பரிசு பெறுகிறான். கேட்ட செவிக்கன்று, உடன் ஓதிய நாவுக்கே அப்பரிசு.

வெடிவிபத்தில் உறவினரை இழந்த ஒருவர், யோபுவின் புத்தகத்தைப் பேருந்தில் கேட்டு, ‘ஏன்?’ என வினவுவாராயின், பதிவு அடுத்த அதிகாரத்திற்குச் சென்றுவிடும். போதகர் அவ்விதம் செல்லலாகாது. ஒலிப்பதிவைச் சபையாருக்கு அளிப்போர், அவர்தம் வினாவுக்கு அருகமர்ந்து செவிகொடுக்கும் மாலைப்பொழுதையும் சேர்த்தே அளிப்பாராக. கேள்வி அப்பொழுதே முழுமை பெறும்.