படிக்காமல் விட்ட முதல் பாகம்

மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த ஜூனில் பிளஸ் 1. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டே வராத நிலையில் பிளஸ் 1 அட்மிஷன் தேடி அலைவதுதான் நம்ம ஊர் வழக்கம் என்பதால், போன மாதம் நாலு பள்ளிகளுக்குப் போய் வந்தேன். அதில் ஒன்றில் அட்மிஷன் மேசையில் இருந்தவர் ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "சார், பிளஸ் ஒன்னைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. பப்ளிக் எக்ஸாமையே எடுத்துட்டாங்க. ஜூலைக்குள்ள முக்கியமானதை மட்டும் முடிச்சுட்டு நேரா பிளஸ் டூ போர்ஷன் போயிருவோம். ரெண்டு வருஷமும் ஒரே புக்கு. சென்டம் வராம எங்க போகும்?"

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, அப்ப பதினொண்ணாங் கிளாஸ் லீவா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. அதன்படி 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் 1 பொதுத்தேர்வு கிடையாது. மாணவர்கள் மீதான அழுத்தத்தைக் குறைப்பது நோக்கம். நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று வருடம் வரிசையாகப் பொதுத்தேர்வு எழுத வைப்பது குழந்தைகளுக்குச் செய்யும் கொடுமைதான். ஆனால் ஒரு தேர்வை எடுக்கும்போது, அது எதைத் தாங்கிக்கொண்டு இருந்தது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். அதைப் பார்க்கவில்லை என்பதே என் விமர்சனம்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

நான் பிளஸ் 2 முடித்தது 1999. அப்போது டி.என்.பி.சி.இ.இ. என்ற நுழைவுத்தேர்வு இருந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. பொறியியலுக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்வில் 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். தனிப்பயிற்சிக்குக் காசு இல்லாத கிராமத்துப் பிள்ளைகளை இந்தத் தேர்வு வெளியே தள்ளுகிறது என்று சொல்லி, சட்டம் போட்டு 2007-லிருந்து அதை எடுத்தார்கள். அது நியாயமான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எல்லாமே பிளஸ் 2 பொதுத்தேர்வு மதிப்பெண்.

இதில் பிளஸ் 1 எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இரண்டு வருடப் படிப்பில் ஒரு வருடத்துக்கு மட்டும் விலை. இன்னொன்றுக்கு விலை பூஜ்ஜியம். பள்ளிகள் என்ன செய்யும்? என் காலத்திலேயே செய்தார்கள். நான் படித்த பள்ளியில் பிளஸ் 1 ஆகஸ்ட்டிலேயே பிளஸ் 2 புத்தகத்தைத் திறந்துவிட்டோம். புதுமண்டபத்துக் கடையில் வாங்கிய பிளஸ் 1 கணக்குப் புத்தகத்தின் பின்பாதி, நான் பள்ளியை விட்டுப் போகும்போதும் மடிப்பு விழாமல் அப்படியே இருந்தது. பிளஸ் 2-வில் நல்ல மார்க். பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். வகைநுண்கணிதத்தை 'சம் டைப்' வாரியாக மனப்பாடம் பண்ணியிருந்தேனே தவிர, லிமிட் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். விடுதி அறையில் உட்கார்ந்து பிளஸ் 1 புத்தகத்தை முதல் தடவையாகப் படித்தது பத்தொன்பதாவது வயதில்.

இந்த ஓட்டையை அரசு பார்க்காமல் இல்லை. 2017 மே மாதம் வந்த அரசாணை பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தையே நடத்துவதில்லை, அதனால் நம் பிள்ளைகள் தேசிய நுழைவுத்தேர்வுகளில் தடுமாறுகிறார்கள் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். பிளஸ் 1-க்கு 600, பிளஸ் 2-க்கு 600, இரண்டும் சேர்த்து 1200 என்பது ஏற்பாடு. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. புதிய பாடத்திட்டமும் 2018-ல் பதினொன்றுக்கும் 2019-ல் பன்னிரண்டுக்கும் வந்தது.

ஆனால் 2018 செப்டம்பரிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் 2-வின் 600 மட்டும் போதும், பிளஸ் 1 மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்துவிட்டார்கள். தேர்வு இருக்கும், எழுதணும், பாஸ் பண்ணணும். ஆனால் மார்க்குக்கு மதிப்பில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தேர்வின் உயிர் அன்றைக்கே போய்விட்டது. 2025-ல் நடந்தது அடக்கம் மட்டும்தான்.

இடையில் ஒரே ஒரு வருடம் பிளஸ் 1 தன் பழியைத் தீர்த்துக்கொண்டது. 2021-ல் கொரோனாவால் பிளஸ் 2 பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1-லிருந்து 20 சதவீதம், பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். 'இது கணக்கில் வராது' என்று சொல்லி எழுத வைத்த தேர்வு திடீரெனக் கணக்கில் வந்தது. எது எண்ணப்படும் என்பதை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் இப்படியும் ஆகும் என்பதற்கு அந்த ஒரு செட் மாணவர்கள் சாட்சி.

சரி, பிளஸ் 1-ஐ விட்டால் என்ன குடி முழுகிவிடும்? இதற்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு கணக்குப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பன்னிரண்டு பன்னிரண்டு அத்தியாயங்கள். பிளஸ் 2-வில் முதல் பாடம், அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் *பயன்பாடுகள்*. அணி என்றால் என்ன என்பது பிளஸ் 1-ல். ஆறாவது பாடம், வெக்டர் இயற்கணிதத்தின் *பயன்பாடுகள்*. வெக்டர் பிளஸ் 1-ல். ஏழாவது, வகைநுண்கணிதத்தின் *பயன்பாடுகள்*. வகையிடல் பிளஸ் 1-ல். ஒன்பதாவது, தொகைநுண்கணிதத்தின் *பயன்பாடுகள்*. தொகையிடல் பிளஸ் 1-ல். கலப்பெண்கள், சமன்பாட்டியல், தனிநிலைக் கணிதம் ஆகிய மூன்றையும் வேண்டுமானால் கொஞ்சம் தனித்து நிற்பவை என்று விடலாம். மீதி ஒன்பதும் பிளஸ் 1-ன் தோளில் ஏறி நிற்பவை.

இயற்பியலில் பிளஸ் 2-வில் எல்.சி. அலைவுகள் வருகிறது. அதை விளக்குவதற்கு ஸ்பிரிங்கில் தொங்கும் எடையோடு ஒப்பிடுகிறார்கள். அந்தச் சீரிசை இயக்கம் இருப்பது பிளஸ் 1-ல். வேதியியலில் அயனிச் சமநிலை பிளஸ் 2; சமநிலை என்பதே பிளஸ் 1. புத்தகத்தை எழுதியவர்கள் ஒரே நூலின் இரண்டு பாகமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நல்ல புத்தகங்கள், சந்தேகமே வேண்டாம். நாம்தான் இரண்டாம் பாகத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கதை புரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் தொழில் மொழியில் சொன்னால், டிபென்டன்சியை இன்ஸ்டால் பண்ணாமல் புரோகிராம் ஓடுவது மாதிரி இது. ஓடாது இல்லையா? ஆனால் இங்கே ஓடுகிற மாதிரியே தெரிகிறது, ஏனென்றால் டெஸ்ட் கேஸ்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். புத்தகத்துக் கணக்குகளையும் பழைய வினாத்தாள்களையும் இரண்டு வருடம் திரும்பத் திரும்பப் போட்டால் அடிப்படை தெரியாமலே சென்டம் எடுக்க முடியும். கிராஷ் ஆவது கல்லூரி முதல் செமஸ்டரில். அப்போது பள்ளியின் பொறுப்பு முடிந்திருக்கும். வாசலில் பிள்ளையின் போட்டோவோடு ஃபிளெக்ஸும் ஏறியிருக்கும்.

மாற்றுக் கருத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். என் மச்சான் அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் சொன்னது: "மாப்ள, நீ சென்டம் எடுக்கிற பிள்ளைகளை மட்டும் பாக்குற. என் கிளாஸ்ல பிளஸ் ஒன்னுல ரெண்டு பேப்பர் போச்சுன்னா அதோட படிப்பையே விட்டுர்ற பயக இருக்காங்க. பிளஸ் டூ போகலாம், அரியரைப் பிறகு எழுதிக்கலாம்னு சொன்னாலும் கேக்கமாட்டாங்க." இது கனமான வாதம். என்னிடம் இதற்கு வெட்டிப் பேச ஒன்றுமில்லை. சி.பி.எஸ்.இ.யில் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லையே என்றும் கேட்கலாம். அதுவும் சரிதான்.

ஆனால் அங்கேதான் விஷயமே இருக்கிறது. நீட், ஜே.இ.இ. இரண்டும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்பவை. அதற்குத் தயாராகும் பிள்ளைக்குப் பிளஸ் 1-ஐ யாரும் தாண்ட விடமாட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் கோச்சிங் சென்டர் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று பார்த்தால் மருத்துவக் கல்லூரி, அரசு ராஜாஜி மருத்துவமனை, மீனாட்சி கலைக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி அமெரிக்கன் கல்லூரி என எல்லாம் கூப்பிடு தூரம். இதில் மருத்துவக் கல்லூரிக்குக் குறிவைக்கும் பிள்ளையின் பிளஸ் 1-க்குச் சந்தை காவல் நிற்கிறது. கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ எடுக்கப்போகும் பிள்ளைக்கும், கலந்தாய்வு மூலம் பொறியியல் போகும் பிள்ளைக்கும் காவல் யார்? இதுவரை அந்த அரைகுறைப் பொதுத்தேர்வு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

2021-லிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அருமையான திட்டம். அந்த இடத்தில் போய் உட்காரும் முதல் தலைமுறைப் பிள்ளை முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்தால், தூக்கிவிட வீட்டில் ஆள் கிடையாது. எனக்கு ஒரு சீனியர் அண்ணன் இருந்தார், தப்பித்தேன். கதவைத் திறந்துவிட்டுப் படியை எடுத்துவிட்ட கதையாக இது ஆகிவிடக் கூடாது.

தேர்வைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. மச்சான் சொன்ன அந்தப் பையன்களை மறக்க முடியாது. பிளஸ் 2 வினாத்தாளிலேயே பிளஸ் 1 அடிப்படை தெரியாமல் தொட முடியாத கேள்விகள் கொஞ்சம் வந்தால் போதும். புத்தகத்தில் உள்ள அதே கணக்காக இல்லாமல், அதே கருத்தைப் புதிதாகக் கேட்கும் கேள்விகள். பிள்ளைக்கு இன்னொரு தேர்வு கூடாது. பள்ளிக்கு மட்டும் தாண்டிக் குதிக்க வழி அடைபடும்.

அது நடக்கும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி தேடும்போது ரிசல்ட் எவ்வளவு, சென்டம் எத்தனை என்று கேட்காதீர்கள். அதை அவர்களே ஃபிளெக்ஸில் போட்டிருக்கிறார்கள். போன வருடப் பிளஸ் 1 பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரித் தேதியில் என்ன பாடம் நடந்திருக்கிறது என்று பாருங்கள். தொகைநுண்கணிதமும் நிகழ்தகவும் இருந்தால் சரி. பிளஸ் 2 அணிக்கோவை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நாலு பள்ளிகளிலும் கேட்டேன். இரண்டு இடத்தில் "அதெல்லாம் காட்டுறதில்ல சார்" என்றார்கள். ஜூலைக்காரர் சிரித்தார். நாலாவது பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் எழுந்து போய், பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிப்ரவரி 6, தொகையிடல், பகுதித் தொகையிடல் முறை. பிள்ளை தப்பாகப் போட்டிருந்தது. சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் 'மறுபடி செய்' என்று எழுதியிருந்தார். பள்ளிக்கு ஏ.சி. வகுப்பறை கிடையாது, வாசலில் பெரிய ஃபிளெக்ஸும் கிடையாது. வீட்டிலிருந்து இரண்டு பஸ்.

மகளிடம் சொன்னேன், லீவு கிடையாதும்மா. "தெரியும்ப்பா, நோட்டைப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு" என்றாள்.